ஆயிரத்து ஐநூறு கிலோவுக்குள் ஒரு கதை

1

இந்தக் கதை ஓர் ஆட்டுக்கல்லில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாபுவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லாரிகளை எடை பார்க்கும் மேடை இருக்கிறது. எல்லாரும் அதைத் திம்பாங் என்றுதான் சொல்வார்கள். பழக்குலையோடு வரும் லாரி உள்ளே போகும்போது ஒருமுறையும், காலியாகத் திரும்பும்போது ஒருமுறையும் அதன்மேல் ஏறி நிற்கும். ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பக்கம் போனேன். திம்பாங்குக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஓர் ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது. குழவிக்கு ஒரு சிவப்புத் துண்டு சுற்றியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பலாப்பழங்கள், காவலுக்கு நிற்பதுபோல.

"யாரு கல்லு அண்ணே?" என்று திம்பாங்கைப் பார்த்துக்கொள்ளும் நல்லசாமியிடம் கேட்டேன்.

"அது பெரிய கதை" என்றார். அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது. எழுந்து போனார். திரும்பி வந்து பாதி சொன்னார். மீதியை நான் ஏற்றினேன். எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் இதை எழுதும்போது எனக்கிருந்த ஒரே கவலை.

2

அதிகம் பேசாத ஆட்களைப் பற்றிய புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், நானும் கூடவே உட்கார்ந்துவிடுவேன். ஆகவே என் முதல் தொடக்கம் இப்படி அமைந்தது:

[மழை விட்டிருந்தது. கல் மட்டும் நனைந்து கிடந்தது. அதை அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போனவன் இனி ஒருபோதும்]

ஒருபோதும் என்ன? தெரியவில்லை. தவிர, நல்லசாமி சொன்ன பாதியில் மழையே கிடையாது. மண்டையைப் பிளக்கும் வெயில். கல் கொட்டகைக்குள் நிழலில் சுகமாக இருந்தது. அந்த வாக்கியத்தில் நனைந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டாவது தொடக்கம்:

[இழுவைத் திறன் என்பது ஒரு வாகனம் தன் பின்னால் பாதுகாப்பாக இழுத்துச் செல்லக்கூடிய மொத்த எடை. டிரெய்லரின் சொந்த எடையும் அதில் ஏற்றிய சாமான்களின் எடையும் சேர்ந்ததே இந்த]

பள்ளிப் பாடம்போல இருக்கிறதென்று நிறுத்திவிட்டேன். ஆனால் கிழித்துப் போடவில்லை. நீங்களும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து பேசத் தொடங்கினான் ஒருவன்:

"என் வண்டி மூணு டன் இழுக்கும் லா!"

3

அவன் பெயர் டொனால்ட். செனாவாங் தொழிற்சாலைகளில் ஏர்கான் பழுது பார்க்கிறவன். வீடு லாபுவில், அவன் அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில். இப்போது அங்கே ரப்பர் இல்லை, சுற்றிலும் செம்பனைதான். அவனிடம் ஒரு பிக்கப் இருந்தது. அதை வாங்கியபோது கொடுத்த வண்ணத் தாளில் 'மூவாயிரம் கிலோ' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாளைக் கண்ணாடிக்கு முன்னால், செபமாலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

அவன் மனைவி ஆட்ரி செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு தோசையும் கோழிப் பிரட்டலும் விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் பொருத்திய ஒரு டிரெய்லரைச் செய்து வாங்கியிருந்தாள். லுக்குட்டில் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருமுனையில் இடமும் கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை: சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆட்ரி ஒரு வேலை செய்தாள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தது. டிரெய்லரில் ஏறப்போகும் ஒவ்வொரு சாமானையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். கேஸ் சிலிண்டர்த் தோம்பு, அரிசி மூட்டை, எண்ணெய் டின், கிரைண்டர். வந்த எடையில் தன் எடையைக் கழித்தாள். கிரைண்டரைத் தழுவிக்கொண்டு நின்றவளைப் பார்த்து டொனால்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்டிப் புடிச்சிருக்கியா?"

"நீங்க டிரெய்லர்ல ஏறுறீங்களா? ஏறுறதா இருந்தா வாங்க, புடிக்கிறேன்."

"மூணு டன்னு ஆட்ரி! கிரைண்டருக்கெல்லாம் கணக்குப் பாக்குற."

"மூணு டன்னு உங்க வண்டி. டிரெய்லர் தகட்டுல ஆயிரத்தி அறுநூறுன்னு போட்டிருக்கு. நீங்க செகண்ட் ஹேண்ட்ல மாட்டுன கொக்கியில ஆயிரத்தி ஐநூறு. எது கம்மியோ அதான் நமக்கு."

(இப்போது மடியில் வைத்திருந்த பாடத்தை எடுங்கள். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு எண். டிரெய்லர் தன்னையும் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்பது இன்னொரு எண். இரண்டையும் பிணைக்கும் கொக்கிக்கு மூன்றாவது எண். மூன்றில் சிறியதுதான் செல்லும். டொனால்ட் பெரியதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தான். நானும் பல வருடம் அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது வேறு கதை, இங்கே ஏற்ற மாட்டேன்.)

காலி டிரெய்லர் ஆயிரத்து நூறு. ஆட்ரியின் சாமான்கள், தொட்டித் தண்ணீரோடு சேர்த்து, முந்நூற்றெண்பது. மொத்தம் ஆயிரத்து நானூற்றெண்பது.

"இருபது கிலோ மிச்சம் வச்சிருக்கேன்" என்றாள் ஆட்ரி. அந்த இருபது கிலோவைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. டொனால்ட் அப்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

சனிக்கிழமை. ஆட்ரி குளித்துவிட்டு வரும் நேரத்துக்குள் நடந்தது இது.

பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்கா வந்தார். அவருடைய மகள் லுக்குட்டில் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள்.

"தம்பி, லுக்குட்டுக்குத்தான போற?"

"ஆமாக்கா."

"கோசோங்காதான போவுது வண்டி?"

கோசோங் என்றால் காலி. தோட்டத்திலிருந்து வெளியே போகும் வண்டி காலியாகப் போகக்கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. வாரத்துக்கு ஒரு லாரி டவுனுக்குப் போன காலத்தில் அப்படி வழக்கமாயிற்று. இன்றைக்கு வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒருவன் வண்டியைக் கிளப்பினால் லயத்தில் பாதிப் பேருக்கு எங்கேயோ எதையோ கொடுத்தனுப்ப வேண்டும் என்பது ஞாபகம் வந்துவிடும். எதையும் ஏற்றாமல் ஒருவன் போனால், கோபித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம்.

"கோசோங் எங்கக்கா, ஆட்ரி சாமானெல்லாம் இருக்கே."

"அது அவ சாமானு. நான் என் கல்லக் கேக்குறேன். ஆட்டுக்கல்லுதான். ஒரு ஓரமா உக்காந்துக்கிட்டு வரும், வாயத் தொறக்காது."

டொனால்ட் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மறுக்க முடியாது.

"போலே லா அக்கா" என்றான். ஆகட்டும், முடியும், கொண்டா என்று எல்லாமே அதற்குள் அடக்கம்.

கல்லைத் தூக்கி வர நான்கு பேர் தேவைப்பட்டார்கள். வந்த நான்கு பேருக்கும் லுக்குட்டில் ஆள் இருந்தது. சுகுமாறன் தன் தங்கைக்கு ஒரு பழைய வாஷிங் மெஷின் கொண்டுவந்தார். இரண்டு மூட்டை தேங்காய் வந்தது. பலாப்பழங்கள் வந்தன. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, லுக்குட் சிற்றாலயத்தில் இரவல் வாங்கிய இரண்டு பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் டொனால்ட் போலே என்றான். முன்பக்கம் ஆட்ரியின் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் எல்லாமே பின்கதவோரம் ஏறின.

[இந்த இடத்தில் ஒருவர் ஆட்டோடு வந்தார். எனக்கு அந்த ஆட்டை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஏற்கெனவே கதையில் சாமான் அதிகம். ஆளையும் ஆட்டையும் இறக்கிவிட்டேன்.]

ஆட்ரி ஈரத்தலையோடு வெளியே வந்தபோது பின்கதவு பூட்டியாகிவிட்டது. கதவிடுக்கில் ஒரு சிவப்புத் துண்டின் நுனி தெரிந்தது.

"என்னாங்க அது?"

"ஒண்ணுமில்ல லா, அக்கா சின்னதா ஒண்ணு குடுத்தாங்க."

5

இங்கே நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். டொனால்டை நம்ப முடியவில்லை. இப்படி ஒருவன் இருப்பானா?

[அவன் நல்லவன்.] அடித்தேன். [அவன் பயந்தவன்.] அதையும் அடித்தேன். [சிறு வயதில் அவன்] என்று தொடங்கி ஒரு பழைய துக்கத்தைத் தேடிப்போனேன். அவனிடம் துக்கம் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி வளர்ந்தவன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு ஒன்று பிடிபட்டது. 'போலே' என்று சொன்னவுடன் எதிரே நிற்பவர் முகம் விரியும். அந்த ஒரு நொடி அவனுக்கு வேண்டும். டீக்கு அலைகிற மாதிரி அதற்கு அலைவான். எதிரே நிற்பவர்கள் முகத்தில் அது வரும். ஆட்ரி எதிரே நிற்பவள் இல்லை. அவள் எப்போதும் பக்கத்து இருக்கையில் இருப்பவள். வண்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கை கண்ணில் படுவதில்லை.

சரி, இப்படி ஒருவன் இருப்பான். வண்டியைக் கிளப்பலாம்.

6

செம்மண் சாலையில் நூறடி போவதற்குள் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. பின்னால் பாரம் கூடினால் கொக்கியின்மேல் இருக்கவேண்டிய அழுத்தம் போய்விடும்; வண்டி ஒரு பக்கம் போனால் டிரெய்லர் மறுபக்கம் போகும். பிக்கப்பின் பிட்டத்தை யாரோ பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. கண்ணாடியில் ஊசலாடிய செபமாலையை டொனால்ட் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். ஆட்டம் நின்றது. மறுபடி கூட்டினான். மறுபடி ஆடியது.

"திம்பாங்குக்கு வுடுங்க" என்றாள் ஆட்ரி.

"நேரமாயிரும்."

"வுடுங்க."

நல்லசாமி திம்பாங் அறையின் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னா டொனால்டு, பழமா கொண்டாந்திருக்க?"

"பலாப்பழம் இருக்குண்ணே."

"அது எண்ணெய் வுடாதே லா. சரி, வண்டியக் கழட்டிட்டு டிரெய்லர மட்டும் மேடையில நிப்பாட்டு."

நிறுத்தினார்கள். நல்லசாமி எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது."

கொக்கி தாங்குவதைவிட முந்நூற்று நாற்பது கிலோ அதிகம். ஆட்ரி பின்கதவைத் திறந்தாள். ஆட்டுக்கல்லைப் பார்த்தாள். வாஷிங் மெஷினைப் பார்த்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள்.

"எறக்கிடலாம், எறக்கிடலாம், ரெண்டு நிமிசம்" என்றான் டொனால்ட். டிரெய்லரின் அடியில் குனிந்தான். தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டான்.

தண்ணீர் மேடையில் கொட்டி வழிந்தோடியது. "ஆயிரத்தி எழுநூத்தி நாப்பது" என்றார் நல்லசாமி.

அடுத்து கேஸ் தோம்புகள் இரண்டையும் இறக்கினான். "ஆயிரத்தி அறுநூத்தி எண்பது."

அடுத்து, ஆட்ரி காலையில் மசாலா தடவி ஐஸ் பெட்டிகளில் அடுக்கிய கோழி. "ஆயிரத்தி அறுநூறு."

(இறக்கியதைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் போடலாமே என்று கேட்பீர்கள். ஜெனரேட்டர், கூடாரம், மடக்கு மேசைகள் என்று அங்கே விரல் நுழைக்க இடமில்லை. இடமிருந்தாலும் அந்த எடையும் வண்டியின் கணக்கில்தான் சேரும்.)

"தகட்டுல போட்டது வந்திருச்சி!" என்றான் டொனால்ட், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"கொக்கி ஆயிரத்தி ஐநூறு" என்றாள் ஆட்ரி.

"ஆமால்ல." அவன் உள்ளே ஏறினான். கிரைண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அதற்குப் பக்கத்தில் ஆட்டுக்கல் சிவப்புத் துண்டோடு அப்படியே இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"என்னாங்க" என்றாள் ஆட்ரி. சத்தம் போடவில்லை. "என்னையும் எறக்கிவுட்டுடுங்க. அம்பத்தெட்டு கிலோ."

நல்லசாமி பக்கென்று சிரித்தார். ஆட்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

7

டொனால்ட் கிரைண்டரோடு நிற்கிறான். திரும்ப வைக்கவும் தோன்றவில்லை, இறக்கவும் தோன்றவில்லை. தண்ணீரில்லாத, நெருப்பில்லாத, கோழியில்லாத ஒரு கடையை லுக்குட்டுக்கு இழுத்துப்போகக் கிளம்பியிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவன் மண்டையில் ஏறுகிறது. ஊரார் சாமான் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

நான் தேடிக்கொண்டிருந்த மௌனம் இதுதான். விட்டால் மூன்று பக்கம் எழுதுவேன். ஆனால் ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். ஆகவே முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு, ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டுப் புறப்படுவது. லுக்குட்டுக்கு முன்னால் ஓர் இறக்கம், ஒரு வளைவு. அதுவரை எழுதிப் பார்த்தேன். [டிரெய்லர் முதலில் இடப்பக்கம்] என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இந்த இரண்டு பேரை எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாவது முடிவு: பழத்தைக் கொட்டிவிட்டு ஒரு டிராக்டர் கோசோங்காக வருகிறது. ஆட்டுக்கல்லை அதில் ஏற்றிவிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிராக்டர் தோட்டத்துக்குத் திரும்புகிறது. கல் போய் இறங்கியதும் லோகேஸ்வரி அக்கா வாசலில் நின்று "ஏன் திரும்பி வந்தே?" என்று அதனிடமே கேட்பார்.

மூன்றாவது முடிவு: ஆட்ரியே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது. அவளால் முடியும். இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். ஆனால் இத்தனை வருடம் அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இதையும் அவள் தலையில் ஏற்றினால் நானும் லயத்து ஆட்களில் ஒருவனாகிவிடுவேன்.

நான்காவது முடிவு என்னிடம் இல்லை. டொனால்டைப் பார்த்தேன்.

8

அவன் கிரைண்டரை இருந்த இடத்தில் வைத்தான். கீழே இறங்கினான். கைப்பேசியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அக்கா, டொனால்டுக்கா."

"சேந்துட்டியா தம்பி?" லோகேஸ்வரி அக்காவின் குரல் திம்பாங் அறைவரைக்கும் கேட்டது.

"இல்லக்கா. கல்லு இன்னிக்கி வராதுக்கா."

"ஏன், வண்டி கெட்டுப்போச்சா?"

பாருங்கள், அக்காவே ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும். வண்டி கெட்டுப்போனதற்கு யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. டொனால்டின் வாய் 'ஆ' என்று திறந்ததை நான் பார்த்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். ஆட்ரி ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி இன்னும் முழுதாகக் காயவில்லை. அவள் இவனைப் பார்க்கவில்லை. வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. இது ஆட்ரி கடைக்குப் போற வண்டி. வேற எதுவும் ஏத்த முடியாது. நான்தான் கேக்காம ஏத்திட்டேன். தாக் போலே அக்கா."

முடியாது என்கிற அந்தச் சொல் அவன் வாயில் புதுச் செருப்புபோலக் கடித்தது. ஆட்ரி தலையைத் தூக்கினாள்.

மறுமுனையில் அக்கா ஏதோ சொன்னார். நல்லசாமிக்குக் கேட்கவில்லை, அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹார்ன் அடித்துவிட்டது. டொனால்ட் "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். கைப்பேசியைப் பைக்குள் வைத்தான்.

முதல் ஆளிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடம் சொல்வதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்களும் நல்லசாமியும் கைகொடுத்துக் கல்லையும் ஊரார் சாமான் எல்லாவற்றையும் கொட்டகையில் இறக்கினார்கள். நாளைக்கோ மறுநாளோ வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆலைக் குழாயிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் பிடித்தார்கள். கேஸ் ஏறியது. கோழி ஏறியது. நல்லசாமி சன்னலைத் திறந்தார்.

"ஆயிரத்தி நானூத்தி எண்பது!"

"நான் சொல்லல?" என்றாள் ஆட்ரி.

"எப்ப சொன்ன?"

"நீங்க போனப் பாத்துக்கிட்டு இருந்தீங்க." டிரெய்லரை வண்டியில் மறுபடி மாட்டியதும் அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அம்பத்தெட்டு கிலோ ஏறிடுச்சிண்ணே, எழுதிக்குங்க!"

ஆலை வாசலைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறும்வரை நல்லசாமி பார்த்துக்கொண்டிருந்தாராம். டிரெய்லர் ஆடவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டே டொனால்ட் வண்டி ஓட்டியதுதான் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்ததாம்.

9

நல்லசாமி சொன்னது அவ்வளவுதான். நான் ஏற்றியதும் இவ்வளவுதான்.

ஆறு மணிக்கு அடுப்பு எரிந்ததா, லோகேஸ்வரி அக்கா போனில் சொன்னது என்ன, திங்கட்கிழமை காலையில் லயத்தில் டொனால்டின் முகத்தைப் பார்த்து யார் சிரித்தார்கள், யார் திரும்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் இன்னும் வெளியே நிற்கின்றன. நான் தூக்கிப் பார்த்தேன். என் கொக்கிக்கு அது அதிகம்.

ஆனால் இருபது கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஆட்ரி மிச்சம் வைத்த இடம். உங்களிடம் ஒரு முடிவு இருந்தால் கொண்டுவாருங்கள், ஏற்றிக்கொள்ளலாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்பக்கமாக வையுங்கள்.

கல் மட்டும் வேண்டாம்.